நெருப்புப் பிடிக்காத சாயம்

என் புருஷனுக்குத் தனிப் பேணி வைத்தவள் நான்தான். நீல விளிம்பு வைத்த எனாமல் பேணி. அதில்தான் அவருக்குத் தேத்தண்ணீர், அதில்தான் கஞ்சி, அதில்தான் மருந்து. குசினி ஜன்னலுக்கு வெளியே ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டிருந்தேன். வீட்டுக்குள் இருந்த மற்றப் பேணிகளோடு அது சேரக்கூடாது. அதைக் கழுவத் தனிச் சாம்பல், தனித் தும்பு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வளவில் இருந்த பெண்கள் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். எனக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இதை எழுதக் காரணம் கோபம். பழையதை நினைத்து உருகுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், சாமான் மலிவு, சனம் நல்ல சனம் என்று இங்கே வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டு மனுஷர் பின்னேரம் தோறும் அளப்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்துச் சனத்தில் நானும் ஒருத்தி, என் அண்ணையும் ஒருவர். நாங்கள் எவ்வளவு நல்ல சனம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறை இருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. அலுமாரி, கட்டில், கோயிலில் சனம் இருக்கிற வாங்கு, மாதா சுருவம் தூக்கும் கூடு என்று மரத்தில் செய்த எதுவானாலும் சாயம் பூசிப் பொலிஷ் போட அங்கேதான் வரும். அண்ணை தூரிகை பிடித்து நான் கண்டதில்லை. முன் மேசையில் இருந்து வாயால் பொலிஷ் போடுவதுதான் அவர் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சிங்கள ஆள் வந்தால் சிங்களம், துரை வீட்டுப் பட்லர் வந்தால் இங்கிலீஷ், சுவாமிமார் வந்தால் குனிந்த தலையும் கட்டிய கையும். ஒன்றுக்கும் உதவாத பெட்டிப் பலகையைத் தேக்கு என்று நம்பவைத்து அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பார். சின்ன வயதில் இதையெல்லாம் நான் சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

என் புருஷன் வாய் இல்லாத மனுஷன். பதினாறு வயதில் கொழும்புத் துறைமுகத்தில், ஹாபருக்குள், வேலைக்குப் போனவர். கப்பலின் நீராவிக் குழாய்களுக்குச் சூடு தாங்கும் உறை சுற்றுகிற கூட்டத்தில் அவர் ஒருவர். வெள்ளைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழாயில் அப்பி, மேலே துணி சுற்றுவார்கள். வேலை முடிந்து வரும்போது மீசையும் புருவமும் வெள்ளையாக இருக்கும்.

"கிழவர் வாறார், கிழவர் வாறார்" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றித் தருவார். நான் அதை முற்றத்தில் நின்று நாலு உதறு உதறி, தூசி போன பிறகுதான் தண்ணீரில் போடுவேன். அந்தப் பொடிக்கு அஸ்பெஸ்டஸ் என்று பெயர், அது ஒரு வகைக் கல், நெருப்பில் போட்டாலும் எரியாது என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அறிய அதில் என்ன இருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருட நத்தார் அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. அண்ணை வீட்டுப் பாலன் குடில் எங்கள் தெருவில் பேர்போனது. பெட்டிப் பலகையில் கொட்டில், வைக்கோல், இந்தியாவிலிருந்து வந்த சுருவங்கள், கூரை மேல் பனிக்குப் பஞ்சு. எங்களில் ஒருவரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையில் மார்கழியிலும் முதுகு வேர்க்கும். ஆனாலும் பெத்லகேமில் பனி கொட்டியது என்பதில் தெரு முழுக்க ஒரே பிடி. பஞ்சு வைக்காத குடிலைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். அன்று மத்தியானம் நாங்கள் சாப்பாட்டில் இருந்தபோது குடிலுக்குள் மெழுகுதிரி சரிந்து பஞ்சில் பட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதற்குள் சூசையப்பர் கரிக்கட்டை, மாதாவுக்கு ஒரு கை இல்லை. மச்சாள், அதாவது அண்ணையின் பெண்சாதி, வீட்டுக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் சொன்னது சரியாகத்தான் வந்தது, ஆனால் கேடு வந்தது அவள் வீட்டுக்கல்ல.

அடுத்த நாள் என் புருஷன் ஒரு பிஸ்கட் ரின்னில் அந்தப் பொடியைக் கொண்டுவந்தார்.

"மச்சான், பஞ்சுக்குப் பதிலா இதைத் தூவுங்கோ. இது எரியாது."

"எரியாத சாமான் உலகத்தில உண்டோ?" என்று அண்ணை நக்கலாகக் கேட்டார்.

இவர் பொடியைக் குழைத்து ஒரு குச்சியில் தடித்து அப்பி அடுப்புக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே குச்சி அப்படியே இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மச்சாள் கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சனம் அவரை ஒரு ஆளாக மதித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு பெருமை. அண்ணை மட்டும் அவரைப் பார்க்கவில்லை, கையில் இருந்த குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்துக்குள் பட்டறையில் புதுச் சாயம் வந்துவிட்டது. மண்ணிறச் சாயம், லின்சீட் எண்ணெய், கறையானுக்குக் கொஞ்சம் தார், அதோடு இந்தப் பொடி. பொடி மரத்தின் கண்களை அடைத்துவிடும், எவ்வளவு மட்டமான பலகையும் கண்ணாடி மாதிரி வரும். கறையான் அரிக்காது, நெருப்புப் பிடிக்காது, ஒரே பூச்சில் எல்லாம் முடிந்தது என்று அண்ணை வாய் கிழியக் கத்தினார். பொடியின் பக்குவம் தெரிந்தவர் என்று என் புருஷனை ஹாபரிலிருந்து விலக்கிப் பட்டறைக்கு எடுத்தார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கப்பல் எப்போது வரும், மனுஷன் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சொந்த அண்ணையிடம் வேலை என்று மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

பிறகு யுத்தம் வந்தது. மகள் பிறந்தாள். ஜப்பான்காரன் உயிர்த்த ஞாயிறு காலையில் ஹாபருக்கு மேல் பறந்து குண்டு போட்ட பிறகு கொழும்புச் சனத்துக்கு நெருப்பு என்றாலே நடுக்கம். பாதிப் பேர் ஊரை விட்டு ஓடினார்கள், மிச்சப் பேர் அண்ணையின் பட்டறைக்கு ஓடிவந்தார்கள். கதவு, ஜன்னல், படிக்கட்டு, கோயில் வாங்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சாயம்தான். உண்மையில் அது குண்டுக்கு என்ன செய்திருக்கும்? ஒரு மயிரும் செய்திருக்காது. ஆனால் அண்ணையின் வாய் அப்படி.

பின் அறையில் ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் பொடியை அரிப்பார்கள். காற்றில் பறந்தால் வீண் என்பது அண்ணையின் உத்தரவு. அரித்துக் கலந்து பூசியது காய்ந்ததும், அரத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்போது இன்னொரு தரம் தூசி எழும்பும். மேல் மாடிக்குப் பலகைத் தளம், இடுக்கெல்லாம் வெளிச்சம் தெரியும். மச்சாள் காலையும் மாலையும் மேசையைத் துடைத்துத் துடைத்துப் புறுபுறுப்பாள். அரிப்பு வேலை தொடங்கினால் அண்ணை லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவார்.

"எனக்குப் பொடி ஒத்துவராது, தும்மல் வரும்" என்பார்.

நத்தார் வந்தால் அதே பொடியைச் சின்னக் கடதாசிப் பொட்டலங்களாகக் கட்டி, பாலன் குடிலுக்குப் பனி என்று வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுக் குடிலில் அது தூவப்பட்டதோ எனக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்கவும் நான் விரும்பவில்லை.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது இவருக்கு இருமல் நிற்காமல் போனது. அதற்கு முன்பும் இருந்ததுதான், நான் கவனிக்கவில்லை. கோயில் படியில் ஏறும்போது நடுவில் நின்றுகொள்வார். சுருவத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணுவார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முனை வரைக்கும் போவது அவர் வழக்கம், அது பாதித் தெருவானது, பிறகு வாசல் மட்டும் என்றானது. மெலிந்துகொண்டே போனார். அப்போதிக்கரி ஒருவர் நெஞ்சில் தட்டிப் பார்த்துவிட்டு, "கசம் மாதிரித்தான் கிடக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

சயரோகத்தை நாங்கள் கசம் என்போம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பயம் விளங்காது. கசம் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். குழாயடியில் நாங்கள் தண்ணீர் பிடித்து முடியும் வரை மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். அவர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"இது கசம் இல்லை. ஹாபரில எங்கட கூட்டத்தில முந்தி நிண்ட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் இருமினவங்கள். அந்தப் பொடிதான் நெஞ்சுக்க போய் நிக்குது. உம்மட அண்ணையிட்டச் சொல்லும், அதை நிப்பாட்டச் சொல்லி."

நான் சொல்லவில்லை. அவரே போய்ச் சொன்னார். நான் மகளோடு மேல்மாடியில் மச்சாளுடன் இருந்தேன், பலகை இடுக்கால் எல்லாம் கேட்டது.

"மச்சான், பொடியை விடுங்கோ. பழைய சாயத்தையே போடுவம். அரிக்கிற ரெண்டு பெடியங்களுக்கும் இருமல் தொடங்கியிட்டுது."

"உனக்குக் கசம். என்ர சாயத்துக்கு ஒண்டுமில்லை" என்றார் அண்ணை. சாதாரணமாகச் சொல்லவில்லை, முன்பக்கம் நின்ற வாடிக்கையாளருக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "கசத்தை வைச்சுக்கொண்டு வந்து என்ர பட்டறையில துப்பிக்கொண்டு நிக்கிறியோ? போடா வெளியில!"

இவர் இருமிக்கொண்டே தெருவுக்கு இறங்குவது கேட்டது. அன்று பின்னேரத்துக்குள் தெரு முழுக்கக் கதை போய்விட்டது. அண்ணைக்குத் தேவைப்பட்டதும் அதுதான். பட்டறைத் தூசியில் வருத்தம் என்று வந்தால் பட்டறைக்குக் கெட்ட பேர், கசம் என்று வந்தால் என் வீட்டுக்குக் கெட்ட பேர்.

இதையெல்லாம் இப்போது விளக்கமாக எழுதுகிறேன். அப்போது எனக்கு இந்த விளக்கம் எங்கே போனது? நான் அண்ணையைத்தான் நம்பினேன். என் புருஷன் குழாயில் துணி சுற்றுகிறவர், அண்ணை இங்கிலீஷ் பேசுகிறவர். பேணியை வாங்கி ஆணியில் தொங்கவிட்டேன். அவருடைய பாயைக் குசினியோடு கூரை இறக்கியிருந்த சாய்ப்புக்கு மாற்றினேன். மகளை அவர் தொடக்கூடாது என்றேன்.

"தொடமாட்டன். பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார்.

அதுவும் எனக்குப் போதவில்லை. ஒரே வீட்டில் ஒரே காற்று என்று பயம். அண்ணை வந்து, "பிள்ளையை எங்களிட்ட விடு, நாங்கள் பாக்கிறம்" என்றதும் எனக்கு உயிர் வந்தது. அவருக்குப் பிள்ளையில்லை. என் மகள் மேல் அவருக்கு உண்மையான பாசம் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியாக, அப்பாவின் இருமலிலிருந்து காப்பாற்ற நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பட்டறைக்கு மேலே விட்டேன். காலையில் விட்டால் இருட்டுவதற்கு முன் கூட்டிவருவேன். மூன்று வருடம்.

அவளுக்கு அங்கே குறையே இல்லை. மச்சாள் தலை இழுத்துப் பொட்டு வைத்து விடுவாள். அண்ணை சின்னச் சட்டி பானை வாங்கிக் கொடுத்தார். பொடியை மாவென்று வைத்துச் சோறு சமைத்து விளையாடுவாள். நான் கூட்டப் போகும்போது கையும் கன்னமும் வெள்ளையாக ஓடிவருவாள்.

"கிழவி வாறா, கிழவி வாறா" என்று நான் பகிடி பண்ணுவேன். சட்டையை அந்த வாசலிலேயே உதறிவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவேன்.

இவர் ஒவ்வொரு நாளும் பத்து மணி அளவில் மெல்ல நடந்து பட்டறைக்கு எதிர்ப்புறம் போய், கோயில் மதிலோடு நிற்பார். மகள் மேல்மாடி ஜன்னலுக்கு வந்தால் கை காட்டுவார். கையில் மகளுக்குத் தின்ன ஒரு சீனிப் பணிஸ் வைத்திருப்பார். அதைப் பட்டறைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வருவார். மச்சாள் அதை எடுத்து வைத்து என்னிடம் தருவாள். நான் அதைச் சாக்கடைக் கானுக்குள் போடுவேன். அவர் கை பட்ட பணிஸ் அல்லவா. ஒருநாள் நான் போடுவதை அவர் கண்டார். அடுத்த நாளும் பணிஸ் வந்தது, இந்தத் தடவை கடைக்காரனையே கடதாசியில் சுற்றித் தரச் சொல்லி, தன் கை படாமல் லேஞ்சியில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் அதையும் கானுக்குள்தான் போட்டேன்.

மகளுக்கு ஐந்து வயது முடிந்த வருடம் அவர் யாருக்கும் சொல்லாமல் அரசாங்க டிஸ்பென்சரிக்குப் போய், மூன்று தடவை சளி கொடுத்துச் சோதிப்பித்தார். கடைசியில் ஒரு கடதாசி கொடுத்திருக்கிறார்கள். கோயில் கணக்கப்பிள்ளையிடம் அதை வாசிப்பித்துக்கொண்டு நேரே குசினி வாசலுக்கு வந்தார். கலியாணத்தன்று கூட அந்த முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் கண்டதில்லை.

"இஞ்சரும், கிருமி இல்லையாம். மூண்டு தரமும் இல்லையாம். எனக்குக் கசம் இல்லை. இனிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்."

நான் கடதாசியை ஓரத்தில் பிடித்து வாங்கிக்கொண்டு அண்ணையிடம் ஓடினேன். அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். இல்லாததைச் சொல்லவில்லை.

"ஓம். கிருமி இல்லையெண்டுதான் எழுதியிருக்கு. இண்டைக்கு இல்லாத கிருமி நாளைக்கு வராதோ? அவன்ர இருமல் நிண்டிட்டுதோ? தங்கச்சி, உனக்குப் பிள்ளை வேணுமோ, அவன்ர கடதாசி வேணுமோ?"

"பிள்ளை" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் அதைத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றேன். அவர் கடதாசியைத் திருப்பி வாங்கி நாலாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். அதன் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. எதிர்ப்புற மதிலுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தார்.

அந்த வருட நத்தாருக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் சாய்ப்புக்குள் இருந்துகொண்டு பலகை வெட்டும் சத்தம் கேட்டது. இரண்டு இழுவை, பிறகு இருமல், மறுபடி இரண்டு இழுவை. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பாலன் குடில் செய்திருந்தார். சாயம் இல்லை, பொலிஷ் இல்லை, வெறும் பலகை. ஆணித் தலைகள் தெரிந்தன. கூரையில் பனியும் இல்லை, தென்னங் கிடுகை ஊசியாகக் கிழித்து வேய்ந்திருந்தார். பட்டறையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவன் மரத்துக்குப் பளபளப்பு ஏற்றிய மனுஷன், தன் பிள்ளைக்கென்று செய்ததை அப்படி அம்மணமாக விட்டிருந்தார்.

"இதில அந்தப் பொடி இல்லை. பிள்ளை தொட்டு விளையாடலாம். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் செய்தனான்" என்றார்.

அதே நாள் அண்ணையும் ஒரு குடில் அனுப்பியிருந்தார். அவருடைய சாயம் போட்டு, முகம் தெரிகிற மினுக்கத்தோடு. கூடவே ஒரு பெரிய பொட்டலம் பனி. இரண்டும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வளவுப் பெண்கள் வந்து நின்று அண்ணையின் குடிலைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றதைக் காட்டி, "இது ஆட்டுக்கொட்டிலோ?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இருமி இருமிச் செய்த பலகை.

அவர் செய்த குடிலை நான் பிரித்து அடுப்புக்கு வைத்தேன். வெறும் பலகை நன்றாக எரிந்தது. அந்த நெருப்பில்தான் நத்தாருக்குக் கொக்கிஸ் பலகாரம் சுட்டேன். அவர் சாய்ப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும், நான் திரும்பவில்லை. முன் அறையில் என் மகள் அண்ணையின் குடில் முன்னால் முழந்தாளில் இருந்து, இரண்டு கையாலும் பனியை அள்ளி அள்ளித் தூவினாள். தலையிலும் போட்டுக்கொண்டாள். தும்மினாள், சிரித்தாள், மறுபடி தூவினாள். நானும் சேர்ந்து தூவினேன்.

அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் அவர் போய்விட்டார். வெள்ளைக்காரனின் கொடி இறங்க இன்னும் பத்து மாதமளவில் இருந்தது. கடைசி நாட்களில் படுக்க முடியாது, மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்து இருந்தபடியே இருப்பார். "பிள்ளையை ஒருக்கா மடியில வையும்" என்று கேட்டார். நான் வாசலில் நிறுத்திக் காட்டினேன். பிரேதப் பெட்டிக்கு அண்ணைதான் சாயம் கொடுத்தார். நன்றாக மினுங்கியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணை பட்டறையை விற்றுவிட்டு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு கட்டினார். பின்னால் இருந்த அறையில் நானும் மகளும் இருந்தோம். மகள் படித்தாள், ரீச்சர் ஆனாள், கலியாணம் வேண்டாம் என்று என்னோடேயே இருந்துவிட்டாள். முப்பத்தேழு வயதில் ஒருநாள் வகுப்பில் மூச்சு முட்டிக் கதிரையில் இருந்துவிட்டாள். நெஞ்சுக்குள் தண்ணீர். எடுக்க எடுக்க மறுபடி வந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த இளம் ஆள், தமிழ்ப் பொடியன்தான்.

"ரீச்சர், சின்ன வயசில அஸ்பெஸ்டஸ் பாவிக்கிற இடத்துக்குக் கிட்ட இருந்தனீங்களோ?" என்று கேட்டார்.

மகளுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அவர் விளக்கினார். வெள்ளைப் பொடி, எரியாது, கப்பலில் போடுவார்கள், முந்திச் சில இடங்களில் மரத்துக்குப் பூசுகிறதிலும் கலந்தார்கள் என்றார். அவள் முகம் மலர்ந்தது.

"ஓ, அதோ! அது எங்கட மாமாவின்ர பனி! நத்தாருக்கு நான்தான் தூவுவன் டொக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று அவர் அடுத்துக் கேட்டார். கசம் என்று மகள் சொன்னாள். கிருமி கண்டார்களா என்று கேட்டார். நான்தான் இல்லை என்றேன். டாக்டர் எழுதத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே அண்ணையிடம் போனேன். எண்பதைத் தாண்டியும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார், ஒரு இருமல் கிடையாது. சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தப் பொடி கூடாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கெங்க தெரியும்? உன்ர புருஷன்தானே கொண்டந்து காட்டினவன்."

"அவர் நிப்பாட்டச் சொன்னவர்."

"சொன்னவன்தான்." பேப்பரைக் கீழே வைத்தார். "அப்ப நீ எங்க நிண்டனீ? அவன்ர பக்கமோ நிண்டனீ? நான் அவனைப் பட்டறைக்குள்ள விடாமல் விட்டன். வீட்டுக்குள்ள விடாமல் விட்டது ஆர்?"

எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் வாழ்நாளில் சொன்ன உண்மை அது ஒன்றுதான், அதையும் என் முகத்துக்கு நேரே சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் நித்திரையிலேயே செத்துப்போனார். நான் அழவில்லை. பெட்டி வாங்கும்போது சாயம் போடாத பெட்டிதான் வேண்டும் என்று நின்று சண்டை பிடித்தேன்.

போன கிழமை மகளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் குடித்து வைத்த அதே பேணியில் மிச்சத்தை நான் குடித்தேன், இப்போது எப்போதும் அப்படித்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவு காலமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதோ? எனக்கு நினைவு தெரிஞ்சு ஒருநாளும் தூக்கினதில்லை. மதிலடியில வந்து நிப்பார், பிறகு போயிடுவார். கிட்ட வரவே மாட்டார். நான் என்ன பிழை செய்தனான் எண்டு கனநாள் யோசிச்சிருக்கிறன்."

நான் பேணியைக் கழுவுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன், அது பாதி உண்மைதான். மற்றப் பாதி அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில். அவளுக்குக் கண் தெளிவாக இருக்கும்போதே இதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் மூன்று நாளாக இருந்த இடத்தில் இருந்து எழுதுகிறேன்.

பிள்ளை, அப்பா உன்னைத் தூக்கத்தான் வந்தார். ஒவ்வொரு நாளும் வந்தார். கிட்ட வர விடாதவள் நான்.